வராதவர்களையும் சேர்த்து எழுதிய நிருபர்

பஸ்ராவிலும் கெய்ரோவிலும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு 1946-இல் இராஜபாளையம் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அங்கேயும் சர்க்கரை ரேஷனா என்பது. அடுத்தது, கல்யாணம் எப்போது என்பது. அதோடு ஊருக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

நைல் நதியைப் பற்றி நான் ஒரு பேச்சே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். பிரமிடுக்கு முன்னால் ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோவையும் எல்லாருக்கும் தெரியும்படி கூடத்தில் மாட்டினேன். பார்க்க வந்தவர்கள் ஒட்டகத்தைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள். “கெய்ரோவில்” என்று நான் வாயெடுத்தாலே அம்மா ஏசம்மாளுக்கு அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துவிடும். எழுந்து போய்விடுவாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு கண்டம் பார்த்த கால்கள், நாலு தெருவுக்குள் என்ன செய்யும்? அப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் நானும் கிளம்பினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். நான் பக்கத்தில் நடப்பேன். அவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பதை அப்படித்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவின் பெயர் ஞானரத்தினம். மதுரையிலிருந்து வரும் ‘பாண்டி நேசன்’ பத்திரிகைக்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் அவர்தான் நிருபர். அவருடைய தகப்பனார் உபதேசியார். மகனும் உபதேசியாராக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய மேடையேற்றினாராம். அப்பா பேச ஆரம்பித்ததும் சபையில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப்பேர் தூங்காததற்குக் காரணம், முன்வரிசையில் தாத்தா விட்ட குறட்டை. அன்றோடு அந்த யோசனை முடிந்தது. பிறகு ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியில் பொதி நிறுக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

1925 வாக்கில் பக்கத்துக் கிட்டங்கி ஒன்றில் தீப்பிடித்து விடியவிடியப் பருத்தி எரிந்தது. அதை அப்பா ஒரு தபால் கார்டில் எழுதி ‘நேச’னுக்குப் போட்டார். சும்மா, ஒரு வாசகர் என்கிற முறையில்தான். இரண்டு நாள் கழித்து அது அச்சில் வந்தது. மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தது. இராஜபாளையத்தில் ‘நேச’னுக்கு ஒரு நிருபர் இருப்பது அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். தன்னைப் போலவே வரிக்கு வரி எழுதும் அந்த மனிதரைக் கண்டுபிடித்துப் பழக்கம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க ஊரில் விசாரித்திருக்கிறார். கடைசியில் பத்திரிகை ஏஜெண்டுதான், “வே, அது நீருதாம்வே” என்று சொல்லி அவரை அவருக்கே அறிமுகப்படுத்தி வைத்தார்.

இந்தக் கதையை அப்பாவே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த உத்தியோகத்தை அவர் ஒருநாளும் சிரிப்பாக நினைத்ததில்லை. பொதி நிறுக்கும் குமாஸ்தாவை முதலாளி ‘ஏலே’ என்பார். நிருபரை அதே முதலாளி ‘வாங்க’ என்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது முதலாளிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டால் ஆளும் மாறிவிடுவதாக இரண்டு பேரும் பேசாமல் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுதியதில் முக்கால்வாசி விழாக்கள்தான். வாசகசாலை ஆண்டுவிழா, கல்யாணம், மில்லில் ஆயுதபூஜை, பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு, கோவிலில் கொடியேற்றம். செய்தி எதுவானாலும் கடைசியில் ‘வந்திருந்தோர்’ என்று ஒரு பத்தி இருக்கும். ஊர் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்கும். பலர் அதை மட்டும்தான் படித்தார்கள்.

ஆரம்பத்தில் அப்பா வந்தவர்களை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஜவுளிக்கடை ஐயாதுரையின் பெயர் விட்டுப்போயிற்று. அந்த மனிதர் பத்திரிகையை நிறுத்தினார், பேச்சை நிறுத்தினார், எங்கள் வீட்டுக்குத் துணி கொடுப்பதையும் நிறுத்தினார். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய பங்காளியின் பெயர் இருந்துவிட்டதால் கோபம் ஒரு தலைமுறைக்கு இருக்கும் போலத் தெரிந்தது. அப்பா யோசித்தார். வந்த ஒருவரை விட்டுவிட்டால் மனசு புண்படுகிறது. வராத ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதன்பிறகு அந்தப் பத்தியில் வந்தவர்கள் இருந்தார்கள். வந்திருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். பெயர் இல்லாவிட்டால் வருத்தப்படக் கூடியவர்களும் இருந்தார்கள். ஒருமுறை, முந்தின வாரம் இறந்துபோன ஒருவரும் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். அப்பா பதறிப்போய் அந்த வீட்டுக்கு ஓடினார். இறந்தவரின் மகன் கண் கலங்கி, “எங்க அய்யா வந்திருப்பாவ, அவியளுக்கு அந்த மாப்பிள்ளைப் பையன்மேல ரொம்பப் பிரியம்” என்று காப்பி கொடுத்து அனுப்பினான்.

இப்படி இருபது வருடம் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். கெய்ரோவில் வெள்ளைக்கார நிருபர்கள் குண்டு விழுகிற இடத்துக்கே போய் நின்று எழுதுவார்கள் என்று ஒரு நாள் எடுத்துவிட்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். “இங்க குண்டு விழுந்தா நானும் போவேம்ட்டி. பரிசளிப்புக்கு எதுக்கு?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் அம்மாவுக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம் ஐப்பசி மழை சரியாகப் பெய்யவில்லை. பிளவக்கல் பக்கம் மலையிலிருந்து இறங்குகிற ஓடைத் தண்ணீருக்கு வயல்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் என்கிற சம்சாரியின் முறையில், மேல் வயல்காரன் சங்கையா மடையை உடைத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டதாகவும், கேட்கப்போனவனை மண்வெட்டிக் கணைக் கட்டையால் அடித்துக் கையை ஒடித்துவிட்டதாகவும் வழக்கு. பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சங்கையாவின் வக்கீல் ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினார். அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இராஜபாளையத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழா நடந்தது என்றும், அதற்கு வந்திருந்தோரில் சங்கையாவும் ஒருவர் என்றும் ‘பாண்டி நேசன்’ அச்சடித்திருந்தது. செய்தியை எழுதிய நிருபர் சாட்சி சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குச் சம்மன் வந்தது.

நடந்தது இதுதான். விழாப் பந்தலுக்குச் சங்கையா குலை தள்ளிய வாழைமரம் அனுப்பியிருந்தான், தானும் வருவதாகச் சொல்லியிருந்தான். ஆகவே அப்பா அவனைச் சேர்த்துக்கொண்டார். அவன் வந்தானா என்று அப்பா பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. அன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரும்போது பாதி வழியில் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. ரிப்பேர் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த விழா நோட்டீஸைப் பார்த்து முழுச் செய்தியையும் எழுதினார். தலைவர் நீண்டதொரு சொற்பொழிவு ஆற்றினார் என்று எழுதினார். அந்தத் தலைவர் ராஜுக்களில் ஒருவர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார், எப்போதும் நீளமாகத்தான் பேசுவார். அதில் தப்பு வர வழியில்லை. சாயங்கால ரயிலின் கார்டிடம் கவரைக் கொடுத்தனுப்பினார்.

வழக்கு நாளுக்கு முந்தி சங்கையா வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

“அண்ணாச்சி, உங்களை நான் பொய் சொல்லச் சொல்லல” என்றான். “நீங்க எழுதினதைத்தான் சொல்லச் சொல்லுதேன். அதை மதுரையில அச்சே போட்டுட்டாவ. புதுசா ஒரு வார்த்தை வேண்டாம்.”

அவனுடைய பேச்சில் ஓட்டையே இல்லை, அதுதான் பயமாக இருந்தது என்று அப்பா பின்னால் சொன்னார். ‘ஆமாம்’ என்றால் பைபிளைத் தொட்டுப் பொய். ‘இல்லை’ என்றால், நிருபர் போகாத விழாவை எழுதினார் என்பது கோர்ட்டில் பதிவாகும். ‘நேசன்’ அவரை ஒரு நாள்கூட வைத்திருக்காது. மறுபடியும் காலையிலும் சாயங்காலமும் ‘ஏலே’தான்.

உலகம் சுற்றியவள் என்ற முறையில் நான் ஆலோசனை சொன்னேன். கெய்ரோவில் மருந்து திருட்டுப் போய் விசாரணை நடந்தபோது எங்கள் மேஜர் எல்லாக் கேள்விக்கும் ‘ஞாபகமில்லை’ என்றே சொன்னார். மூன்றாம் மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அப்பாவும் அப்படியே சொல்லிவிடலாம் என்றேன். அம்மா இந்த ஒரு தடவை எழுந்து போகவில்லை. “இதைப் படிக்கவா கப்பலேறிப் போனே?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஆவுடையப்பனும் வந்தான். கட்டுப்போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தான். எனக்கு உடனே தொழில் புத்தி வந்துவிட்டது. அவன் எதற்கு வந்தான் என்று கேட்பதற்கு முன்னால் கட்டைப் பரிசோதித்தேன். எவனோ ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான், குறை சொல்ல இடமில்லாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆவுடையப்பன் அப்பாவிடம் எதையும் வேண்டிக்கொள்ள வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தான்.

“அவன்தான் அடிச்சான்னு நெனைச்சேன் அண்ணாச்சி. மூஞ்சியப் பாத்தேன். ஆனா அவன் இங்க இருந்தான்னு பேப்பர்ல போட்டிருக்காமே. பேப்பர்ல போட்டா அது நெசமாத்தானே இருக்கும்.” ஒடிந்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “அப்ப என்னைய அடிச்சது யாரு?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவர், அதை இவனிடம் சொல்ல முடியவில்லை. “கோர்ட்டுக்கு வா, சொல்லுதேன்” என்றார்.

வழக்கு நாளில் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கோர்ட்டில் உட்கார இடமில்லை. நிருபரைப் பார்க்க அவ்வளவு கூட்டம். ‘நமது நிருபர்’ என்ற பெயரை ஆண்டுக்கணக்காகப் படித்து, உயரமான ஒரு மனிதரை மனதில் வைத்திருந்த சிலர், அப்பா கூண்டில் ஏறியதும் இவர்தானா என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் கையில் பைபிளைக் கொடுத்துச் சத்தியம் வாங்கினார்கள். சங்கையாவின் வக்கீல் பத்திரிகையைக் காட்டினார்.

“இந்தச் செய்தி நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“வந்திருந்தவங்க பேர்ல என் கட்சிக்காரர் பேர் இருக்கா?”

“இருக்கு.”

“ஆக, அன்னைக்கு அந்த நேரம் அவர் அங்க இருந்தார்.”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

வக்கீல் சிரித்தார். தன் சாட்சி கொஞ்சம் பதறுகிறார் என்று நினைத்திருப்பார். “நீங்களே பார்த்து எழுதியிருக்கீங்களே?” என்று எடுத்துக் கொடுத்தார்.

“எழுதினேன். பாக்கல. நான் அந்த விழாவுக்குப் போகல.”

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். போகாத விழாவை எப்படி ஐயா எழுதினீர் என்று கேட்டார். அப்பா சைக்கிள் டயரிலிருந்து ஆரம்பித்து, வாழைமரம், நோட்டீஸ், ரயில் கார்டு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பெயர்களைச் சேர்க்கும் வழக்கத்தையும் சொன்னார். தான் ஒருவர் மனதையும் நோகடிக்கக்கூடாது என்று இப்படிச் செய்துவந்ததாகவும், இப்போது ஒருவருடைய கையே ஒடிந்து நிற்பதாகவும் சொன்னார். மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்தார்.

“போன மாசம் மரம் நடுகிற விழாவில என் பேரும் வந்திருந்ததே?”

“அதுக்கு நீங்க வந்தீங்கய்யா” என்றார் அப்பா. “நான்தான் வரல.”

அப்போது எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை. நர்ஸ் உத்தியோகத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் மயக்கமருந்து இல்லாமல் ஒருவர் தன்னைத்தானே அறுத்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். அதைச் செய்தவர் முகம் என்னவோ, பாரம் இறக்கியவர் முகம் மாதிரி இருந்தது.

வேறு சாட்சி இல்லாத சங்கையாவுக்கு அன்றே தண்டனை ஆயிற்று. போலீஸ்காரரோடு வராந்தாவைக் கடக்கும்போது அப்பாவின் முன்னால் நின்றான்.

“வாழைமரம் குடுத்தேம்லா அண்ணாச்சி?”

“குடுத்தே. அதை மட்டும் எழுதியிருக்கணும்” என்றார் அப்பா.

பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் இன்னமும் நம்ப முடியவில்லை. அதே வராந்தாவில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பென்சிலை எடுத்து வழக்குச் செய்தியை எழுத ஆரம்பித்தார். இது பெரிய செய்தி, வேறு பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் எழுதுவார்கள், ‘நேச’னில் மட்டும் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றார். போகாத விழாவைத் தான் எழுதியதாக நமது நிருபர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார் என்று நமது நிருபர் எழுதினார். சிரிப்பு எழுந்ததையும் விடவில்லை, அடைப்புக்குறிக்குள் போட்டார். கேட்டது, பார்த்தது தவிர ஒரு சொல் சேர்க்கவில்லை. சாயங்கால ரயிலில் கொடுத்தனுப்பினார்.

‘நேசன்’ அதை அப்படியே போட்டது. அதோடு ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. “செய்தி நன்றாக இருந்தது. தாங்கள் இனி எழுத வேண்டாம்.” அப்பா அதன் முதல் பாதியை மட்டும் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். எத்தனையோ வருடம் எழுதியும் அப்படி ஒரு வார்த்தை அவர்களிடமிருந்து வந்ததில்லையாம். காலி இடத்துக்கு நான் விண்ணப்பம் போட்டேன். பஸ்ரா, கெய்ரோ எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். அவர்கள் அதற்குப் பதில்கூடப் போடவில்லை.

ஊர் அவரைக் கேலி செய்யும் என்று பயந்துகொண்டிருந்தோம். நடந்தது வேறு. பழைய ‘நேசன்’ நறுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டே சிலர் வந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு இன்ன ஜமீன் வீட்டார் வந்தது நிஜந்தானா, எங்கள் கடைத் திறப்புக்கு இவர் வந்தாரா என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொரு பெயராக ஞாபகப்படுத்திப் பார்த்து, வந்தார், வரவில்லை, அல்லது நானே வரவில்லை என்று பதில் சொன்னார். ஜவுளிக்கடை ஐயாதுரையும் வந்தார். தன் பெயர் வந்த இடங்களில் எத்தனைக்குத் தான் உண்மையில் போனோம் என்பது அவருக்கே மறந்துவிட்டதாம்.

ஒருநாள் மில் வேலை முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வெள்ளைத்தாய் என்ற பெண் வந்தாள். கையில் நறுக்கு எதுவும் இல்லை. தான் சொன்ன இடத்தில் கட்டிக்கொள்ள அவள் மறுத்ததால் கோபித்துக்கொண்ட அவளுடைய அண்ணன், அவள் கல்யாணத்துக்கு வந்திருந்ததாக அப்பா எழுதியிருக்கிறார். அது நிஜமா என்று கேட்டாள். கோர்ட்டில் நின்றதைவிட இப்போது அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. இங்கே பைபிளும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை. ஒரு பெயரை அவளிடமே விட்டுவைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

“வரல தாயி” என்றார். “நான்தான் சேத்தேன்.”

“தெரியும்” என்றாள் அவள். “மணவறையில உக்காந்து பந்தல் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தவ நானு. அவன் வந்தா எனக்குத் தெரியாதா? நீங்க இப்பவும் சேத்துச் சொல்லுதியளான்னு பாத்தேன்.”

அவளே மேலே சொன்னாள். பத்திரிகையில் வந்த பிறகு சந்தையில் பார்த்தவர்களெல்லாம் அவள் அண்ணனிடம், தங்கச்சி கல்யாணத்துக்குப் போனியாமே, நல்ல காரியம் என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் தலையை ஆட்டிப் பார்த்திருக்கிறான். பிறகு சீர்த்தட்டோடு வந்து நின்றிருக்கிறான்.

“வார வெள்ளிக்கிழமை அய்யனார் கோவில்ல எம்மகளுக்குக் காது குத்து. அவன் மடியில வச்சுத்தான். வீட்டுல உள்ளவியளும் நீங்களும் வாங்க. எழுத வேண்டாம், வந்தாப் போதும்.”

எழுத வேண்டாம், வந்தால் போதும் என்று யாரும் அவரை அதுவரை அழைத்ததில்லை. அப்பா வெள்ளிக்கிழமைக்காக வேட்டியைத் தானே துவைத்தார். நாம் வேதக்காரர்கள், சாமிக்குப் படைத்த கறியைத் தொட்டுவிடக் கூடாது என்று அம்மா வழி முழுக்க எச்சரித்துக்கொண்டே வந்தாள். வெள்ளைத்தாய் எங்களுக்கென்று படைப்பதற்கு முன்னாலேயே தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அப்பா முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் பென்சில் இல்லாததால் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையின்மேல் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு பக்கத்தில் இருந்த குழந்தை ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி வரத் தாமதமாயிற்று. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை தாய்மாமன் மடியில் நெளிந்துகொண்டிருந்தது. ஆள்மாற்றி ஆள் ஏதாவது பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொருவர் பேச்சையும் முடிவு வரைக்கும் கேட்டார்.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கோவிலுக்கு மேலே மலையில் விழும் அருவிச் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருந்தது. செத்த நேரத்தில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மலைப்பாதையில் ஏறிவிட்டேன். நான் திரும்பி வந்தபோது சாப்பாடு முடிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊசி ஏறும்போது பிள்ளை அழவே இல்லை, தாய்மாமன்தான் அழுதான் என்று அப்பா சொல்கிறார். அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர். நான் அங்கே இல்லை.